பிரீத்தி சொல்லாத பதில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே டெக்சஸின் ரவுண்ட் ராக் ஊரில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. தெருவில் பல வீடுகளின் கராஜ் கதவுகள் திறந்து கிடந்தன. ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் பிள்ளைகள் சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். இளமாறன் வீட்டுக் கராஜ் மட்டும் இழுத்து மூடியிருந்தது. உள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில், நீளமான மேஜைமேல் விரித்திருந்த வெள்ளை சாட்டின் துணிக்குப் பிரீத்தி ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தாள். மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். வயிற்றில் நான்கு மாதம்.

“என்னங்க, தொண்டை கரகரங்குது. கதவைக் கொஞ்சம் தூக்கி விடுங்களேன்.”

“அஞ்சே நிமிஷம் பிரீத்தி. எதிர்வீட்டுக்காரர் நாயைக் கூட்டிட்டு வாக் போயிட்டிருக்கார். அவர் உள்ள போகட்டும்.”

அவனுடைய ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளும் என்று பிரீத்திக்குத் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் டப்பாவைக் குலுக்கி அடுத்த துணிக்குப் போனாள்.

பிரீத்தி நாமக்கல்லில் பி.காம். முடித்தவள். கல்யாணமாகி டெக்சஸ் வந்தவளுக்கு டிபென்டன்ட் விசா. வேலைக்குப் போக அனுமதி இல்லை. மகள் வெண்பாவின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் பழைய பட்டுப் புடவைகளை மடிப்பு மடிப்பாகக் கட்டி, மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, அவளே ஒரு மேடை அலங்காரம் செய்தாள். வந்தவர்கள் சாப்பாட்டைவிட அதைத்தான் அதிகம் பேசினார்கள். அடுத்த மாதம் ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் ஒரு காதுகுத்துக்கு. காசு கொடுத்துத் துணிகளை வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் ஆரம்பித்தார்கள். ஒன்றரை வருஷத்தில் ஆஸ்டின் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ‘பிரீத்தி டெகர்’ என்றால் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவளுக்கு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இளமாறனுக்கும் பெருமைதான். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவன், சனி ஞாயிறு ஏணி பிடிக்கவும் வண்டி ஓட்டவும் சளைக்கவில்லை.

ஒரு வளைகாப்பில் புளிசாதத் தட்டு வெள்ளை சோபா விரிப்பில் கவிழ்ந்தது. மஞ்சள் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. இளமாறன் ஆன்லைனில் தேடிக் கறை தடுப்பு ஸ்ப்ரே ஒரு பெட்டி நிறைய வாங்கிப்போட்டான். அடித்துக் காய்ந்த துணிமேல் ரசத்தையே ஊற்றிக் காட்டினான். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது.

“பாத்தியா? இனிமே உனக்குத் துவைக்கிற வேலையே கிடையாது” என்றான். அவளுடைய கைவலி குறையட்டும் என்ற அக்கறையில் சொன்னதுதான் அது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் துணிகளுக்கெல்லாம் ஸ்ப்ரே. காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும் என்று டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது. குடியிருப்புச் சங்கத்தின் விதி வேறு: வீட்டில் வியாபாரம் நடத்தக் கூடாது. ஒருமுறை எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது. விசா பயம் அதற்கும் மேலே. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே? “கதவைத் திறந்து வச்சா காத்து மட்டுமா வரும், கேள்வியும் வரும்” என்பான் இளமாறன். ஆகவே கதவு மூடியே கிடந்தது. வெண்பா காலி டப்பா மூடிகளை அடுக்கி அந்தச் சிமெண்டுத் தரையில் டீக்கடை விளையாடுவாள்.

அந்த வாரம் மகப்பேறு மருத்துவமனையில் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் என்னென்ன ரசாயனங்கள் தங்கியிருக்கின்றன, அவர்கள் சாப்பிடுவதற்கும் புழங்குவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறார்களாம். பிரீத்தி சந்தோஷமாகப் பெயர் கொடுத்தாள். தமிழ் பேசும் பெண்களிடம் கேள்வி கேட்பதற்கென்று ஷ்யாமளா என்பவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். மயிலாப்பூரிலிருந்து வந்து இருபத்தைந்து வருஷம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உரிமையோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தார்.

“பயப்படாதீங்கோ, எக்ஸாம் எல்லாம் இல்ல. மனசுல பட்டதைச் சொன்னா போதும். தோசை எந்தக் கல்லுல வாக்கறேள்?”

“நான்ஸ்டிக்லதான் ஆன்ட்டி.”

“கீறல் விழுந்திருக்கா?”

பிரீத்தி சிரித்தாள். “விழாம இருக்குமா?”

வெளியில் வாங்கிச் சாப்பிடுவது வாரத்தில் எத்தனை நாள், எண்ணெய் ஊறாத அட்டை டப்பாவில் வருகிறதா, மைக்ரோவேவ் பாப்கார்ன் உண்டா, மீன் எத்தனை நாள், குடிதண்ணீர் குழாயிலிருந்தா வடிகட்டியா, உதட்டுச்சாயம் எந்த வகை என்று கேள்விகள் நீண்டன. பிரீத்தி ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். தன்னைப் பற்றி இத்தனை அக்கறையாக ஒருவர் கேட்டு வெகுநாள் ஆயிற்று என்பதுபோல் அவளுக்கு உற்சாகமாக இருந்தது. இளமாறன் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காதை இங்கே கொடுத்திருந்தான்.

“சோபா, கார்பெட், துணிமணி இதுக்கெல்லாம் கறை படாம இருக்க, தண்ணி ஒட்டாம இருக்க, ஏதாவது ஸ்ப்ரே யூஸ் பண்றேளா?”

பிரீத்தி வாயைத் திறந்தாள். “ம்... அது வந்து...”

“இல்ல ஆன்ட்டி” என்றான் இளமாறன். “அதெல்லாம் எதுவும் இல்ல.”

பிரீத்தி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடித் திறந்து ‘விடு’ என்று ஜாடை காட்டினான். வீட்டில் இத்தனை ஸ்ப்ரே எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஷ்யாமளா இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

கடைசிப் பக்கம் வந்தபோது பிரீத்திக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள். ஷ்யாமளா தண்ணீர் எடுக்க எழுந்தார். மேஜைமேல் இருந்த டேப்லெட்டில் ஒரு கேள்வி: உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டுமா? இளமாறன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஏற்கனவே எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள், இது வேறு எதற்கு என்று ‘வேண்டாம்’ என்ற கட்டத்தைத் தொட்டான். பிரீத்தி முகம் கழுவிக்கொண்டு வந்து, அவன் காட்டிய இடத்தில் விரலால் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் அவரவர் வேலையில் அந்த ஆய்வு மறந்தே போனது. கோடை விடுமுறையில் நிகழ்ச்சிகள் அதிகம். கராஜ் மூடியே இருந்தது, துணிகள் பளபளத்தன.

இருபத்தேழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பிரீத்திக்குத் தலை வலித்தது. கண்முன்னே பூச்சி பறப்பதாகச் சொன்னாள். காலில் செருப்பு நுழையவில்லை. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறை பார்த்தாள், மூன்றாம் முறை பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். தாயைக் காப்பாற்ற வேண்டுமானால் குழந்தையை இப்போதே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

எழுநூற்று எண்பது கிராம் எடையில் பையன் பிறந்தான். இளமாறனின் உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே, மார்புக்கூடு புறாக்குஞ்சினுடையதுபோல் ஏறி இறங்கியது. பிரீத்தி சக்கர நாற்காலியில் வந்து, பெட்டியின் பக்கத்துத் துளை வழியாக ஒற்றை விரலை நுழைத்தாள். அவன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டான்.

“பிடி எவ்வளவு இறுக்கமா இருக்கு பாருங்க” என்றாள். “இவன் இருந்துடுவான்.”

ஒன்பதாவது நாள் அவனுக்கு அகிலன் என்று பெயர் வைத்தாள். பதினோராவது நாள் காலையில் அகிலன் போய்விட்டான். குழாய்களையெல்லாம் எடுத்தபிறகுதான் அவனை முதல்முறையாக மார்போடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அந்த முகத்தைப் பிளாஸ்திரி இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். இந்த ரத்த அழுத்தம் பல காரணங்களால் வரும், யாருக்கு ஏன் வருகிறது என்று சொல்லமுடியாது, உங்கள் தவறு ஒன்றுமில்லை என்றார். பிரீத்தி தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தையையும் அவள் நம்பவில்லை என்பது இளமாறனுக்குத் தெரிந்தது.

வீட்டில் வெண்பா தினமும் கேட்டாள். “அம்மா, வென் இஸ் பேபி கமிங் ஹோம்?”

“வர மாட்டான் கண்ணு. சாமிகிட்டப் போயிட்டான்.”

“பட் ஹி ஹேஸ் எ க்ரிப் ஹியர்!” என்று தொட்டிலைக் கை காட்டினாள் குழந்தை. மறுநாள் இளமாறன் அந்தத் தொட்டிலைக் கழற்றி மாடிப் பரணில் வைத்தான்.

நாமக்கல்லில் இருந்து அவன் அம்மா தனபாக்கியம் நாள் தவறாமல் கூப்பிட்டாள். பேரன் போன துக்கம் அவளுக்கும் நிஜம்தான். ஆனால் துக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

“அன்னைக்கே சொன்னனே சாமி, வயித்துப் புள்ளையோட ஏணி மேல ஏறாதீன்னு. கேட்டாளா? ஊரான் ஊட்டு விசேசத்துக்கெல்லாம் தோரணம் கட்டுனா, தன்னூட்டு விசேசம் பாக்கக் குடுத்து வைக்குமா?”

ஸ்பீக்கரில் வந்த அந்தச் சொல் சமையலறை வரை கேட்டது. இளமாறன் “ம்” என்று மட்டும் சொன்னான். சண்டை வேண்டாமே என்று நினைத்தான். உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

ஒருநாள் வெண்பாவின் படம் வரையும் நோட்டைப் புரட்டியவன் திகைத்தான். யானைக்கும் வானவில்லுக்கும் நடுவே ஒரு பக்கத்தில் பிரீத்தியின் கையெழுத்து. மூன்றாம் மாதத்தில் பப்பாளி இரண்டு துண்டு. விஷாகா வீட்டு வளைகாப்பில் ஏணி ஏறியது. ஃப்ரீவேயில் வண்டி குலுங்கியபோது சீட் பெல்ட் வயிற்றை அழுத்தியது. வெண்பாவைத் தூக்கியது. ஒருநாள் கோபத்தில் இன்னொரு பிள்ளை எதற்கு என்று நினைத்தது. அந்தக் கடைசி வரியின்கீழ் பேனா பேப்பரைக் கிழித்திருந்தது.

அவன் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தான். அப்போதும் அந்த ஸ்ப்ரே அவன் நினைவுக்கு வரவில்லை. உண்மையில் அவனுக்கு அப்போது எதுவும் தெரியாது.

தெரிந்தது ஜனவரியில். தெருமுனைத் தபால் பெட்டியில் ஆய்வுக் குழுவின் கடிதம் கிடந்தது. பங்கெடுத்த எல்லாத் தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, இதுவரை கண்டறிந்ததைச் சுருக்கமாக எழுதியிருந்தார்கள். காருக்குள் உட்கார்ந்தபடியே படித்தான். மண்ணிலும் தண்ணீரிலும் உடம்பிலும் எளிதில் அழியாத ஒருவகை ரசாயனங்கள். பலரும் அதை ‘ஃபாரெவர் கெமிக்கல்’ என்கிறார்களாம். கறை ஒட்டாத துணி, எண்ணெய் ஊறாத அட்டை, சிலவகைச் சமையல் பாத்திரம், சில ஊர்த் தண்ணீர் என்று பல வழிகளில் உள்ளே போகும். தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறுவதற்கும் எடை குறைந்து குழந்தை பிறப்பதற்கும் இதோடு தொடர்பு இருக்கலாம் என்று பார்க்கிறார்கள். இந்த ஆய்வில், வீட்டில் கறை தடுப்பு ஸ்ப்ரே அடிக்கடி பயன்படுத்திய சிலரின் ரத்தத்தில் அளவு மிகவும் கூடியிருந்தது. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வேண்டாம் என்று முன்பு சொல்லியிருந்தாலும், இப்போதும் நீங்கள் கேட்டுப் பெறலாம்.

 கடிதத்தை மடித்து லேப்டாப் பைக்குள் செருகினான். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. அந்த ஒன்பது நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பிரீத்தி, “ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?” என்று இரண்டு முறை கேட்டாள். பத்தாவது நாள், அலுவலகப் பார்க்கிங்கில் இருந்து ஷ்யாமளாவுக்கு ஃபோன் செய்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

 பிறகு ஷ்யாமளா மெல்லக் கேட்டார். “எவ்வளவு நாளா அடிச்சா அதை?”

“ஒரு வருஷத்துக்கு மேல, ஆன்ட்டி. மூடின கராஜ்ல.”

“ஈஸ்வரா!”

“அதனாலதான் குழந்தை... அப்படித்தானா ஆன்ட்டி?”

“அதை யாராலயும் சொல்ல முடியாது இளமாறன். நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா ஒரு பேட்டர்ன் தெரியும். ஒரு தனிக் குழந்தைக்கு இதனாலதான்னு எந்த டாக்டராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரிசல்ட் வேணும்னு கேட்டவாளுக்கெல்லாம் ஆறு வாரத்துல அனுப்பிட்டோம். அளவு கூடியிருந்தவாளுக்கு நர்ஸ் ஃபோன் பண்ணி, எதனால இருக்கும், எதை நிறுத்தலாம்னு உக்காந்து பேசினா. உங்க ஆத்துக்கு அந்த ஃபோன் வரலை.”

“‘வேண்டாம்’னு தொட்டது நான்தான் ஆன்ட்டி” என்றான்.

“தப்பு என் மேலயும் இருக்கு” என்றார் ஷ்யாமளா. “அன்னிக்கு அவ வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். உங்களை வெளியில அனுப்பிட்டு அவகிட்டத் தனியா கேட்டிருக்கணும். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கணும். பண்ணலை. இப்போ அந்த ரிசல்ட்டை நான் உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். அது அவளோடது. அவளே கேக்கட்டும்.”

சனிக்கிழமை மதியம் தனபாக்கியம் வழக்கம்போலக் கூப்பிட்டாள். பிரீத்தி சோபாவில் வெண்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பேச்சு வழக்கமான இடத்துக்கே வந்தது. “பக்கத்தூட்டு மருமவளும்தான் மாசமா இருந்தா. பெரியவங்க சொல் பேச்சுக் கேட்டா, நல்லபடியாப் பெத்துக்கிட்டா. நம்மூட்ல...”

“அம்மா, போதும்” என்றான் இளமாறன். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. “அவ எந்தத் தப்பும் பண்ணல. இனிமே ஏணி, பப்பாளின்னு ஒரு வார்த்தை பேசாதீங்க. தப்புப் பண்ணினது நான்.”

“என்ன கண்ணு சொல்ற?”

“அப்புறம் சொல்றேன்மா. முதல்ல அவகிட்டச் சொல்லணும்.”

ஃபோனை வைத்தான். பிரீத்தியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. வெண்பாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, அவன் தரையில் உட்கார்ந்தான். பையிலிருந்த கடிதத்தை அவள் மடியில் வைத்தான். கேள்விக்கு ‘இல்லை’ என்று தான் சொன்னது அவளுக்கே தெரியும். ‘வேண்டாம்’ என்று தான் குறித்தது தெரியாது. அதைச் சொன்னான். பத்து நாளாகக் கடிதத்தை ஒளித்து வைத்திருந்ததையும் சொன்னான். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது. ஆனால் அழுதால் அவள் தன்னைத் தேற்ற வேண்டிவருமே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

பிரீத்தி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

“அன்னைக்கு நான் சொல்ல வாயெடுத்தேன்” என்றாள். “ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“தொண்டை கரகரங்குதுன்னு எத்தனை நாள் சொன்னேன்?”

அவள் கடிதத்தை மடித்துச் சோபாவில் வைத்தாள்.

“ஆறு மாசமா நான் என்னை எப்படியெல்லாம் திட்டிக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்கம்மா பேசும்போது ‘ம்’னு சொன்னீங்களே, அது எனக்கு எப்படிக் கேட்டுச்சு தெரியுமா?”

அவள் எழுந்து கராஜுக்குப் போனாள். சுவரிலிருந்த பொத்தானை அமுக்கினாள். கதவு கடகடவென்று முழுதாக ஏறியது. எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று பார்த்துக் கையசைத்தார். அவள் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, மிச்சமிருந்த ஸ்ப்ரே டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். இளமாறன் உதவிக்கு வந்தான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

திங்கட்கிழமை அவளே பரிசோதனை முடிவைக் கேட்டு ஷ்யாமளாவுக்கு எழுதினாள். மூன்றாம் வாரம் ஷ்யாமளா முடிவோடு நேரிலேயே வந்தார். இந்த முறை இளமாறன் தானாகவே எழுந்து வெளியே போகப் பார்த்தான். “இருங்க” என்றாள் பிரீத்தி. “ஆனா பேச வேண்டாம்.”

அவள் ரத்தத்தில் அந்த ரசாயனம் மற்றவர்களின் சராசரியைப்போல எட்டு மடங்கு இருந்தது. பிரீத்தி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்ட்டி, அஞ்சாம் மாசமே எனக்கு இது தெரிஞ்சிருந்தா அகிலன் பொழைச்சிருப்பானா?”

ஷ்யாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரியலைம்மா. பொய் சொல்ல மாட்டேன். உள்ள போனது சீக்கிரம் வெளியில போகாது. பாதி குறையவே வருஷக்கணக்காகும். ஆனா தெரிஞ்ச மறுநாளே நீ அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டிருப்பே. டாக்டர் உன் பிரஷரை இன்னும் கவனமாப் பார்த்திருப்பார். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

“வெண்பா அங்கேயேதானே விளையாடினா?”

“அவளோட டாக்டர்கிட்டச் சொல்லு. மறைக்காமச் சொல்லு. அடுத்த குழந்தைன்னு எப்பவாவது யோசிச்சா, அதுக்கு முன்னாடியும் சொல்லு.”

பிறகு ஷ்யாமளா பழைய கேள்வித்தாளைத் திறந்தார். பிரீத்தி முதலிலிருந்து எல்லாவற்றுக்கும் மறுபடி பதில் சொன்னாள். ஸ்ப்ரே எப்போது வாங்கியது, வாரத்துக்கு எத்தனை டப்பா, கதவு ஏன் மூடியிருந்தது என்பது வரை. அகிலன் எத்தனை நாள் இருந்தான் என்ற கேள்வி புதிதாகச் சேர்ந்திருந்தது. அதற்கு மட்டும் குரல் உடைந்தது.

அந்த வாரமே இளமாறன் ஆஸ்டின் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில், தன் பெயரைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினான். துணி வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் அறிய வேண்டும் என்றான். நானூறு குடும்பங்கள் உள்ள குழு. பலர் கைகூப்பும் பொம்மையை அனுப்பினார்கள். வெங்கடாசலம் என்ற பெரியவர், “இதையெல்லாம் பொதுவில் போட்டுப் பீதியைக் கிளப்ப வேண்டுமா தம்பி?” என்று கேட்டார். அம்மாவிடமும் அவன் எல்லாவற்றையும் சொன்னான். நாமக்கல்லில் தனபாக்கியம் இரண்டு நாள் பேசாமலிருந்துவிட்டு, மூன்றாம் நாள் மருமகளின் நம்பருக்கே கூப்பிட்டு, “சாப்பிட்டியா சாமி?” என்று கேட்டு ஓவென்று அழுதாள்.

அன்று மாலை இளமாறனுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. ரோஷினி என்ற பெண், பக்கத்து ஊர் சீடர் பார்க். “அண்ணா, அந்த மாதிரி ஸ்ப்ரே எங்க வீட்டுலயும் இருக்கு. புது சோபாவுக்கு அவரு போன வாரம்தான் அடிச்சாரு. நான் இப்ப அஞ்சு மாசம். பயமா இருக்கு. ஆனா அவரு, நெட்ல வர்றதெல்லாம் நம்பாதே, டாக்டர்கிட்ட இதையெல்லாம் கேட்டு அசிங்கப்படுத்தாதேன்னு சொல்றாரு.”

இளமாறன் ஃபோனைப் பிரீத்தியிடம் நீட்டினான். அவள் படித்தாள். குழந்தை போனதிலிருந்து ஷ்யாமளாவைத் தவிர வெளியாள் யாரோடும் அவள் பேசியதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி என்றால் எழுந்தே போய்விடுவாள்.  இப்போது அவளே அந்த எண்ணை அழுத்தினாள்.

“ரோஷினி, நான் பிரீத்தி பேசறேன்மா.”

“அக்கா...” என்று ஒரு சின்னக் குரல்.

“அழாத. ஒரு தடவை அடிச்சதுக்கெல்லாம் பயந்து சாகாத. ஜன்னலைத் திற. அந்த டப்பாவ வெளியில எடுத்து வை. நாளைக்கே டாக்டர்கிட்டப் போய், என்ன அடிச்சீங்க, எங்க அடிச்சீங்கன்னு ஒண்ணு விடாமச் சொல்லு. அவங்க சொல்லட்டும் என்ன பண்றதுன்னு.”

“அவரு திட்டுவாருக்கா.”

பிரீத்தி எதிரில் நின்ற கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் வற்றியிருந்தது. துக்கம் வற்றவில்லை.

“அவர் நல்லவராத்தான் இருப்பார், ரோஷினி. என் வீட்டுக்காரரும் நல்லவர்தான். நான் கவலைப்படக் கூடாதுன்னுதான் மறைச்சார். ஆனா உன் உடம்பைப் பத்தி யார் கேட்டாலும் பதில நீ சொல்லணும். அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிற உரிமையை யார்கிட்டயும் குடுத்துடாத, பாசத்துல கேட்டாலும் குடுக்காத. விஷம்னு தெரிஞ்சா நாம விலகிக்கலாம். தெரியவே வேண்டாம்னு மூடி வச்சா, அது நம்ம கூடவே குடியிருந்து, நம்ம பிள்ளைகிட்டப் போயிடும்மா.”